மூன்று கணினிகளில் ஒரு கடல்

ஜாலான் புசாரில் ஒரு கடை முர்தபாவையும் எதிர்க்கடை முர்தபாவையும் ஒரே தட்டில் வைத்துக்கொண்டு, இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய் என்று சாப்பிடுகிறார் ஆஸ்மா. “ஒரே மாவு, ஒரே முட்டை. அடுப்பு மாறினா டேஸ்ட் மாறுதான்னு பாக்கணும் லா.” இப்படியும் ஒரு மனுஷி!

வேலையும் இதே கிறுக்குத்தான். கடலையும் மழையையும் விஞ்ஞானிகள் எண்களாகக் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். அவற்றைப் படமாக வரைந்து காட்டும் மென்பொருளை எழுதுகிறார். “நான் ஒரு தடவதான் எழுதுவேன் அண்ணே. எந்தக் கம்பெனி சிப்ல போட்டாலும் பறக்கணும். ஒவ்வொரு சிப்புக்கும் தனியா எழுதினா ரிட்டையர் ஆகுற வரைக்கும் இதேதான்.” ஒரு சிப்புக்குள் ஆயிரக்கணக்கான வேலையாட்கள் இருக்கிற மாதிரி, எல்லாம் ஒரே நேரத்தில் கணக்குப் போடுமாம். எனக்குத் தலை சுற்றியது. புரிந்த மாதிரி தலையாட்டி வைத்தேன்.

போன வாரம் அவருக்கே தலை சுற்றியது. அவர் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு வேறு கம்பெனி சிப்போடு புதுக் கணினி வந்தது. செம்பவாங் கரையோர நீரோட்டத்தை அதில் வரைந்து பார்த்தார். பழைய கணினியில் கரையருகே எப்போதும் பளிச்சென்று தெரியும் நீர்ச்சுழல், புதியதில் காணவே காணோம். மடிக்கணினியில் அரைச் சுழல். எண்கள் ஒன்றே, நிரல் ஒன்றே, கடல் மட்டும் மூன்று! “எந்தக் கடல நம்புறதுன்னே தெரியல,” என்று தூடோங் முக்காட்டை இழுத்து இழுத்துத் தலையில் சரிசெய்துகொண்டிருந்தார்.

இது விளையாட்டு இல்லை. கூட வேலை பார்க்கும் அஹ்சன் தன் முனைவர் பட்ட ஆய்வு முழுவதையும் அந்தச் சுழலை வைத்துத்தான் எழுதியிருக்கிறான். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை நான் ஆய்வகத்துக்குப் போனபோது, நிரலில் ஒரு வரியைக் காட்டினார் ஆஸ்மா. அவரே எழுதியது. “சிப்புக்குள்ள ரெண்டு வேலையாளுங்க ஒரே இடத்துல எழுதுறாங்க அண்ணே. கடைசியா எழுதுனவன் எழுதினதுதான் நிக்கும். பழைய மெஷின்ல எப்பவும் ஒரே ஆளுதான் கடைசி. படம் மாறவே இல்லயா, நானும் சரின்னு நம்பிட்டேன். இப்ப வரிசைல வந்து எழுதுங்கடான்னு மாத்திட்டேன். வேகம்தான் போச்சு.”

“அப்போ சுழல்? ஓட்டிப் பார்த்தீர்களா?”

“அவன் வந்து கண்ணால பாக்கட்டும்.”

இருக்கிறதா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அஹ்சன் சிரித்துக்கொண்டே வந்தான். “என்னக்கா, அவசரமா வரச் சொன்னீங்க?”

“புரோகிராம்ல என் தப்பு ஒண்ணு இருந்துச்சு தம்பி. திருத்திட்டேன். நீயே பாரு.”

சிரிப்பு நின்றுவிட்டது. “சுழல் இருக்கும்லக்கா?”

ஆஸ்மா பொத்தானை அழுத்தினார். பழைய கணினியின் திரையில் கடல் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. எதிர்ப்பக்கத்து ஜொகூர் கரை வந்தது, நடுநீர் வந்தது, செம்பவாங் நெருங்கியது. நானும் அவனும் நின்றபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆஸ்மா திரையைப் பார்க்கவில்லை. தன் நாற்காலியை மெல்ல இழுத்து, அஹ்சனின் முழங்கால்களுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தார்.