மாமாவின் தனிக்கு அம்மா கொடுத்த சுருதி

அம்மாவின் தம்பிக்கு வேலை போனபோது எனக்கு எட்டு வயது. சான் ஹோசேயில் எங்கள் வீட்டு கராஜில், பழைய மெத்தைக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே மாமா குடிவந்தார். காலையில் வேலைக்கு அப்ளை பண்ணுவார். மற்ற நேரமெல்லாம் பாஸ் கிட்டாரில் ஒரே ஸ்கேலை வாசித்துக்கொண்டிருப்பார். டிமினிஷ்ட் ஸ்கேல் என்று பெயர். பெரிய அடி, சின்ன அடி, மறுபடியும் பெரிய அடி என்று மாறி மாறி ஏறும். எந்தச் சுரத்திலும் போய் உட்காராது.

பாட்டு டீச்சரான அம்மாவுக்கு அதைக் கேட்டாலே ஆகாது.

"ஆகிரி ராகம் பாடினா அன்னிக்குச் சோறு கிடைக்காதும்பாங்க. இது அதுக்கும் மேல இருக்கேடா!"

"ஜாஸ்ல இதுதாங்க்கா டென்ஷன். கேக்கறவங்க தவிக்கணும்."

தவிப்புக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. இன்டர்வியூக்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. விசாக் கெடு நெருங்கியது. ஊருக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, ஒரு காபிக் கடையில் நண்பர்களோடு அவர் கடைசியாக வாசிக்கும் நாள். எப்போதும் பின்னால் நின்று மற்றவர்களைத் தாங்கியவருக்கு முதன்முறையாக முழு சோலோ கொடுத்திருந்தார்கள். பாட்டு வகுப்பு முடித்து வந்த அம்மா எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டாள்.

"இங்க வந்து எதுவுமே உருப்படலக்கா. இது ஒண்ணு சரியா வந்துட்டாப் போதும்" என்றார் மாமா.

சோலோ வந்தது. பியானோ நின்றது, டிரம்ஸும் அடங்கியது. பாஸ் தெளிவாகக் கேட்க ஜாஸில் அப்படித்தான் ஒதுங்குவார்களாம். அம்மா அதை எங்கே கண்டாள்? நம் கச்சேரியில் மிருதங்கத்துக்குத் தனி வந்தால் கேட்பவர்கள்தான் காபிக்கு எழுந்து போவார்கள். இங்கே வாசிக்கிறவர்களே கையைக் கட்டிக்கொண்டார்கள்.

"பாவிங்க, தம்பிய அம்போன்னு விட்டுட்டாங்களே! ஒரு சுருதிகூட இல்ல" என்று முணுமுணுத்தவள், தோள்பையில் இருந்த எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டியை ஆன் பண்ணிவிட்டாள்.

தம்புரா நாதம் கடை முழுக்க நிறைந்தது. அந்த ஸ்கேல் அதோடு உரசியபோது காது கூசியது. மாமா நிமிர்ந்து பார்த்தார். அம்மா கண்ணில் நீரோடு, வாசி வாசி என்று தலையாட்டினாள். அவர் விரல்கள் நின்றன. மாதக்கணக்காகக் கட்டியதெல்லாம் அந்த ஒரு பார்வையில் போயிற்று. பிறகு அவர் பெட்டியின் சுருதிக்கே வந்து, சின்ன வயதில் அவளிடம் கற்ற மோகன ராகத்தை வாசித்தார். கடையே எழுந்து நின்று கைதட்டியது.

திரும்பும்போது அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நல்லவேளை, பெட்டி கையோட இருந்துச்சு."

"ஆமாங்க்கா. நீ இல்லன்னா அவ்ளோதான்" என்ற மாமா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். ஊருக்குப் போகிற துக்கம் என்று நினைத்து, அம்மா ஓட்டிக்கொண்டே ஒரு கையால் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். எனக்கோ எரிச்சலாக வந்தது. பின்சீட்டிலிருந்து கத்தினேன்:

"எவ்ரிபடி கிளாப்ட், மாமா! ஒய் ஆர் யூ க்ரையிங்?"