பாதம் விட்டுப்போன நாமம்

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் இருக்கும் என் நண்பர் ஓய்வுபெற்ற சமஸ்கிருத வாத்தியார். பெருமாளைச் சேவிக்காமல் காபி கூடக் குடிக்க மாட்டார். நான் உறையூரில் டிராயிங் மாஸ்டராக இருந்தவன். வாலிபத்தில் சாமி இல்லை என்று ஊர்ச் சுவரெல்லாம் எழுதித் தள்ளியவன். முப்பது வருஷமாகச் சண்டை போடுகிறோம். நான் 'சாமி' என்று கூப்பிடும் ஒரே ஆசாமி அவர்தான்.

போன மாதம் நாலு நாள் அவர் வாக்கிங் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. திட்ட ஆளில்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் பிடித்துப் போய்க் கதவைத் தட்டினால், வெறும் நெற்றியோடு வந்து நின்றார். பயந்துபோனேன்.

"கை நடுங்கறது ஓய். திருமண் கோணிண்டு போறது. நெத்தி பாழா நான் வெளியில வரமாட்டேன்."

அவர் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் வெளிநாட்டில். இப்படியே விட்டால் மனிதர் அறைக்குள் முடங்கிவிடுவார் என்று தெரிந்தது.

"குச்சியக் குடுங்க சாமி. நான் போடறேன்."

"நீரா? பெருமாளே!"

"அவரு வரமாட்டாரு. நான்தான் வந்திருக்கேன்."

வெள்ளை மண்ணைக் குழைத்து இரண்டு பக்கமும் கோடு இழுத்தேன். கீழே வளைத்துச் சேர்த்து, நடுவில் சிவப்பு. எனக்கே கர்வமாக இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடி போடாமலே நிலைக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பேஷ்" என்று கோயிலுக்குப் புறப்பட்டார்.

மத்தியானம் போன் வந்தது.

"பாவி! நான் தென்கலை! மூக்கு மேல இறங்கற பாதம் எங்கய்யா? வடகலை நாமத்தோட கோயில் முழுக்கச் சுத்தியிருக்கேன். எப்போ கலை மாறினேள்னு கேக்கறா!"

சிரிப்பு தாங்கவில்லை. "ரெண்டுக்கும் என்னங்க பெரிய வித்தியாசம்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "முப்பது வருஷமா எதிர்ல உக்காந்து கத்தறீரே, ஒரு நாளாவது என் மூஞ்சியப் பாத்திருக்கீரா?" என்று போனை வைத்துவிட்டார்.

சுருக்கென்றது. முகம் பார்த்து வரையச் சொல்லிக்கொடுத்தே சம்பளம் வாங்கியவன் நான். வெட்கமாகிவிட்டது. சாயங்காலம் கண்ணாடி முன் நின்று, பாதம் வைத்து என் நெற்றியிலேயே போட்டுப் பழகினேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "டாக்டர்கிட்ட போலாமாங்க?" என்றாள்.

மறுநாள் காலை கூப்பிடாமலே போய் நின்றேன். கதவு திறக்க நேரமாயிற்று. இனிமேல் வராதே என்று சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய்த் திருமண் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"பாதத்துலேர்ந்து ஆரம்பியும்" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முகத்தை என் பக்கம் நீட்டினார்.