எங்கட அணி சுமார்தான்

நான் மடையன். இதை முதலே சொல்லிவிடுகிறேன்; பிறகு வாசகர் தாமாகக் கண்டுபிடித்து அந்தப் பெருமையை எடுத்துக்கொள்ள வேண்டாம். விடை எழுதிய தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாயால் பிழையான விடை சொன்னவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தத் தாள் இப்போதும் கண்ணில் நிற்கிறது. மஞ்சள் நிறம், நாலாக மடித்தது, பயிற்சியாளரின் சாய்ந்த எழுத்தில் மூன்றே வரி. ஐந்து முக்கிய வீராங்கனைகளும் அடுத்த வருஷம் திரும்ப வருகிறார்கள். அணித்தலைவி இந்த லீக்கிலேயே சிறந்தவள். எங்களை மேல் பிரிவில் போடுங்கள். ஆற்றுக்கு அக்கரை ஊரான லொங்குய்யில் நடந்த லீக் கூட்டத்துக்கு மெத்ரோ ரயிலில் போகும்போது அதை மூன்று தரம் வாசித்தேன். பிறகு ஜாக்கெட் பைக்குள் வைத்தேன். அது அங்கேயே இருந்துவிட்டது.

மொன்றியலில் ஒரு சீஜெப்பில், அதாவது பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் பிள்ளைகள் படிக்கும் கல்லூரியில், விளையாட்டுப் பகுதியில் எனக்கு வேலை. பஸ் ஒழுங்கு செய்வது, ஜேர்சி தோய்ப்பது, பந்துக்குக் காற்றடிப்பது. நான் பந்தைக் கூடைக்குள் போட்டதெல்லாம் களஞ்சிய அறையில்தான். பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் ஹெயிட்டியிலிருந்து சின்ன வயதில் வந்த பெண்மணி. சிரிக்கத் தெரியாதவர் என்று சொல்லமாட்டேன். என் பகிடிக்குச் சிரிக்கமாட்டார். முந்தின வருஷம் லீக் தலைவரைப் பார்த்து, பந்து உருண்டையா சதுரமா என்றே உமக்குத் தெரியாது என்று சபையில் சொன்னதால், ஒரு வருஷம் கூட்டங்களுக்கு வர அவருக்குத் தடை. ஆகவே பிரதிநிதியாக நான். "பகிடி விடாமல் இதை வாசிச்சுப்போட்டு வாரும்," என்று தாளை நீட்டினார். அவர் பிரெஞ்சில் சொன்னது இதைவிடச் சூடு. நான் யாழ்ப்பாணத் தமிழில் ஆற்றித் தருகிறேன்.

எங்கள் லீக்கில் எட்டுக் கல்லூரிகள். பெயர்பெற்ற மூன்று கல்லூரிகள் உயரமான பிள்ளைகளையெல்லாம் அள்ளிக்கொள்ள, மற்ற ஐந்தும் அவர்களிடம் அடி வாங்கும். பாதி ஆட்டத்திலேயே பெற்றோர் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு எழும்பிவிடுவார்கள். எதிர்காலத்தில் ஆட்டங்கள் சமபலமாக இருக்கவேண்டும் என்று, நாலு அணி மேல் பிரிவு, நாலு அணி கீழ்ப் பிரிவு என்று லீக்கை உடைக்கத் தீர்மானித்தார்கள். மேலே மூன்று இடம் கேட்காமலே முடிவானது. நாலாவது இடத்துக்குத்தான் கூட்டம். தலைவர் மேசையைச் சுற்றி ஒவ்வொருவரையும் கேட்டார், அடுத்த வருஷம் உங்கள் அணி எப்படி என்று. எனக்குப் பக்கத்தில் இருந்தவர், தன் அணியைத் தோற்கடிக்க இனித்தான் யாரும் பிறக்கவேண்டும் என்கிற மாதிரிக் கதைத்தார்.

என் முறை வந்தது. கை பைக்குள் போனது. அந்த நேரம் பார்த்து, மேசையைச் சுற்றி என்னையே பார்த்துக்கொண்டிருந்த கண்களைக் கண்டேன். எங்கட சனத்தில் யாரும் வளர்ந்து நிற்கிற பிள்ளையை நாலு பேர் முன்னால் இவள்தான் சிறந்தவள் என்று சொல்வதில்லை. கண்ணூறு பட்டுவிடும், அடுத்த நாளே பிள்ளை கணுக்கால் பிரண்டு கிடக்கும். பிள்ளை டொக்டருக்குப் படித்தாலும் 'ஏதோ படிக்குது' என்பதுதான் முறை. என் வாய் அந்த முறைப்படி தானாகத் திறந்தது. "எங்கட அணியோ? சுமார்தான். ஏதோ விளையாடுதுகள்." சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன். அந்த மேசையில் எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள் என்பது தலைவருக்குப் பழக்கம். அதனால் யார் எதைச் சொன்னாலும் பாதியாகக் குறைத்துத்தான் எழுதுவாராம். என் 'சுமாரை'யும் பாதியாக்கினார். கீழ்ப் பிரிவு. முடிவை வாசித்தபோதாவது தாளை எடுத்து நீட்டியிருக்கலாம். வெட்கத்தில் கோப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"என்ர சமையலுக்குச் சொல்லுற பதிலை அங்கையும் போய்ச் சொல்லிப்போட்டு வந்திருக்கிறியள்," என்றாள் மனைவி. பயிற்சியாளர் இவ்வளவு மென்மையாக இருக்கவில்லை. பந்து ஒன்றை எறிந்தார். என் மேல் படவில்லை. குறி தப்புகிற ஆள் அல்ல, பாவம் பார்த்துத் தப்பவிட்டிருப்பார். அன்றிலிருந்து எனக்கு ஒரு போன்ஜூர், ஒரு வணக்கம் கிடையாது.

அணித்தலைவி, தமிழ்ச் சனம் கூடிய பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிப் பிள்ளை, எங்கட பிள்ளை. அவள் பந்தோடு திரிவதைத் தாய் தகப்பன் 'இந்த வருஷம் மட்டும்' என்று பொறுத்திருந்தார்கள். பல்கலைக்கழகப் பயிற்சியாளர் யாராவது பார்த்துத் தன் அணியில் இடம் தந்தால் தொடரலாம். இல்லாவிட்டால் பந்தை வைத்துவிடவேண்டும். அந்தப் பயிற்சியாளர்களோ மேல் பிரிவு ஆட்டங்களுக்குத்தான் வருவார்கள். நாங்கள் கீழ்ப் பிரிவில் எல்லோரையும் மிதித்தோம். சமபலம் வேண்டும் என்று உடைத்த லீக்கில், இப்போது பாதி ஆட்டத்தில் கோட்டு மாட்டியவர்கள் எங்கள் எதிரணியின் பெற்றோர். எதிரணிப் பிள்ளைகள் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் பயிற்சியாளர் அணித்தலைவியைப் பாதி நேரம் வெளியே இருத்தினார். அவள் முழங்காலில் துவாயைப் போட்டுக்கொண்டு, ஆளில்லாத இருக்கைகளைப் பார்த்தபடி இருப்பாள். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் பயிற்சியாளர் என்னைக் கடக்கும்போது ஒரே ஒரு தமிழ்ச் சொல் சொல்வார். அவளிடம் கேட்டுப் பழகியது. "சுமார்." உச்சரிப்பு என்னுடையதைவிடத் திருத்தம்.

தை மாதம் ஒருநாள், பனி கொட்டி பாலத்தில் பஸ் நகராமல் நின்றபோது, நான் பயிற்சியாளரிடம் வெடித்துவிட்டேன். "வாயால தடை வாங்கினது நீர். என்னை அனுப்பினதும் நீர். பழி மட்டும் எனக்கோ?"

"நான் அனுப்பினது வாசிக்க. வாசிக்கத் தெரியாதெண்டு நீர் சொல்லேல்லையே."

"எங்கட ஆக்கள் பிள்ளையளைச் சபையில புகழமாட்டம்."

"அவள் உம்மட பிள்ளையில்லை. விளையாட்டுக்காரி."

பின் இருக்கையில் அணித்தலைவி காதில் ஹெட்போன் வைத்திருந்தாள். அதில் பாட்டு ஓடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

கண்ணூறு என்று சொன்னேனே, யாருக்குப் பயந்தேன்? பெருமை பேசிவிட்டு அணி மேல் பிரிவில் தோற்றால், அடுத்த கூட்டத்தில் என் முகத்தை எங்கே வைப்பது என்றுதான். பிள்ளையைக் காப்பதுபோல என்னைக் காத்துக்கொண்டேன். இதை ஒத்துக்கொள்கிறேன் என்பதற்காக அந்தப் பயிற்சியாளர் மனிசியை எனக்குப் பிடிக்கும் என்று யாரும் எண்ணவேண்டாம். பிடிக்காது. சரியாகச் சொன்னவர்களைப் பிடிப்பது கஷ்டம்.

எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்தும் யாரும் அணித்தலைவியைப் பார்க்க வரவில்லை. இப்போது ஜோன்-தலோன் வீதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். என் பிரஷர் குளிசை அங்கேதான். "சுகமோ அங்கிள்?" என்பாள். வழக்கமாக வாயில் வரும் பதிலை விழுங்கிவிட்டு, "நல்ல சுகம் பிள்ளை" என்று பொய் சொல்லிவிட்டு வருவேன். அந்தக் கூட்டத்தைப் பற்றி அவளும் கேட்டதில்லை, நானும் வாய் திறந்ததில்லை.

பயிற்சியாளர் அந்த வருஷ முடிவில் மேல் பிரிவுக் கல்லூரி ஒன்றுக்குப் போய்விட்டார். இந்த வசந்தத்தில் லீக் மறுபடியும் கூடியது. இனிமேல் பிரதிநிதிகளின் வாயைக் கேட்டுப் பிரிக்காமல், கீழே வென்றவர் ஏற, மேலே தோற்றவர் இறங்க விடலாமா என்று வாக்கெடுப்பு. வேறு ஆள் கிடைக்காததால் எங்களுக்காக நான். எதிரே, தடை எப்போதோ முடிந்து, புதுக் கல்லூரிக்காக அவர். நான் எழும்பி, யாருடைய வாயையும் நம்பாதீர்கள், என்னுடையதை முக்கியமாக நம்பாதீர்கள் என்றேன். சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. நாட்டையே திருத்திவிட்ட நினைப்பில் கோப்பி மேசைக்குப் போனேன். அவர் தனியாக நின்றார். இத்தனை வருஷம் அடக்கி வைத்ததைச் சொன்னேன்.

"அண்டைக்கு நான் செய்தது பெரிய பிழை. அந்தத் தாளை வாசிச்சிருக்கவேணும். மன்னிச்சுக்கொள்ளும்."

அவர் கோப்பைக்கு மூடி போட்டு அழுத்தினார். என்னைப் பார்க்கவில்லை.

"அதை அவளுக்குப் போய்ச் சொல்லும்."