முதுகுக்குத் தகடு இல்லை

பொன்னேரி பஜாரில் பூஜைச் சாமான் விற்கும் கடையில் ஒரு நாள் காலையில் நானும் என் மனைவியும் போய் நின்றோம். நேர்த்திக்கடனுக்குத் தகடு வாங்க வேண்டும். கண்ணில் நோவு வந்து தீர்ந்தவர்கள் கண் பொறித்த தகடு வாங்கி அம்மனுக்குச் செலுத்துவார்கள். கைக்குக் கை, காலுக்குக் கால். எனக்கு வேண்டியது முதுகு. கடைக்காரர் டப்பாவைக் கொட்டித் தேடினார். கண் இருந்தது, காது இருந்தது, வயிறுகூட இருந்தது. முதுகு இல்லை.

“முதுகுன்னு யாரும் கேட்டதில்லப்பா. முழு ஆள் தகடு இருக்குது. அதைத் திருப்பி வெச்சுக்கோ” என்றார்.

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறும் பள்ளம்.

நான் பழவேற்காடு ஏரியில் வலை போடுகிறவன். ஏரியில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். இஞ்சின் ஓடாத அந்த இடங்களில் மூங்கில் கழியை ஊன்றித்தான் படகைத் தள்ள வேண்டும். பதினைந்து வயதில் படகின் வலப்பக்கம் நின்று கழி பிடித்தவன், அதற்குப் பிறகு பக்கம் மாறியதே இல்லை. முப்பத்தெட்டாவது வயதில் ஒரு நாள், சேற்றில் புதைந்த கழியை இழுத்தபோது முதுகுக்குள் ஏதோ பிடுங்கிக்கொண்டது. நாற்பது நாள் பாயிலேயே கிடந்தேன். என் மனைவியின் தம்பி, என்னோடு படகில் வருகிற மச்சான்தான் கொல்லைக்குக்கூட என்னைத் தூக்கிக்கொண்டு போனான். அப்போது எங்கள் கங்கையம்மனிடம் சொன்னேன். ஆத்தா, எழுந்து நிற்க வை, உனக்கு ஒரு முதுகு செய்து போடுகிறேன் என்று. எழுந்து நின்றேன். கொடுத்த வாக்கு அப்படியே நின்றது.

ஆஸ்பத்திரி டாக்டர் இடப்பக்கத்துக்குப் பயிற்சி வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதற்காக அன்றைக்கே, கடைக்கு எதிர் மாடியிலிருந்த ஜிம்முக்கு ஏறினோம். மாஸ்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். சட்டையைக் கழற்றச் சொன்னார். பின்னால் போய் நின்றார். பிறகு போனில் படம் எடுத்துக் காட்டினார்.

“பாருங்கண்ணா. இந்தப் பக்கம் மலை. அந்தப் பக்கம் மைதானம்.”

என் முதுகை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். இத்தனை வருஷம் என்னோடு வந்து, வலை இழுத்து, ஐஸ் பெட்டி சுமந்து, வெயிலில் வெந்தது இதுதானா என்று இருந்தது. வலப்பக்கம் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் கயிறு முறுக்கினாற்போல் திரண்டு கிடந்தது. இடப்பக்கம் வேறு யாருடையதோ. நடுவில் எலும்பு லேசாக வளைந்து போனது. ஏரியும் நானுமாகச் சேர்ந்து செய்த கோணல் அது.

கீழே இறங்கும்போது மனசில் ஒன்று தோன்றியது. தகடு கிடைக்காவிட்டால் என்ன, முதுகையே கொண்டுபோய் நிறுத்திவிடலாம். ஆனால் அம்மனுக்கு அழுகின தேங்காயை உடைப்போமா? கோணல் முதுகை எப்படிக் கொடுப்பது? நேராகிவிட்டது என்று யார் சொல்வது? என் மனைவி சொல்வாள், அது ஆசையில் சொல்வது.

இரண்டு மாதம் கழித்து மாஸ்டர் அந்தப் போட்டியைப் பற்றிச் சொன்னார். ஊசி, மாத்திரை எதுவும் எடுக்காதவர்களுக்கு மட்டும் நடக்கிற உடற்கட்டுப் போட்டி. முதல்முறை வருகிறவர்களுக்குத் தனிப் பிரிவு. எவ்வளவு பெரிய உடம்பு என்பதோடு, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்றும் நடுவர்கள் பார்ப்பார்களாம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. என்னை அறியாத, விஷயம் அறிந்த நாலு பேர். அவர்கள் சொல்லட்டும், பிறகு ஆத்தாளிடம் போகிறேன் என்று மனசுக்குள் முடிந்துகொண்டேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். “ஆத்தா ஒரு தேங்கா கேட்டா நீ தோப்பையே குத்தகைக்கு எடுப்பய்யா” என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜிம்மில் இடக்கையால் தூக்கினால் மட்டும் போதாது, கழியையும் இடப்பக்கம் மாற்றுங்கள் என்றார் மாஸ்டர். இருபத்துமூன்று வருஷம் கழி பிடித்தவனுக்கு, பக்கம் மாற்றிய அன்று படகு நேராகப் போகவில்லை. ஊன்ற ஊன்ற மூக்கு வலப்பக்கமே திரும்பி, நின்ற இடத்திலேயே சுற்றியது. பக்கத்துப் படகுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

“இன்னா மாமா, ஏரிய வலம் வர்றியா? இன்னும் ரெண்டு சுத்து பாக்கி” என்றான் மச்சான்.

“கற்பூரம் இருந்தா ஏத்துடா” என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் போனதும் படகு நேரானது. அதற்குப் பிறகுதான் அதிசயம் தொடங்கியது. சோறு குறைந்து, இறாலும் முட்டையும் வேகவைத்த பயறுமாகச் சாப்பிடச் சாப்பிட, என் தோலுக்கு அடியிலிருந்து எனக்கே தெரியாதவை வெளியே வந்தன. கோடையில் தண்ணீர் வற்றும்போது ஏரிக்குள்ளிருந்து திட்டுகளும் வாய்க்கால்களும் ஒவ்வொன்றாகத் தெரியுமே, அப்படி. விலாவில் மீன் செவுள் மாதிரி வரிவரியாக ஒன்று. முன்கையில் நரம்பு, ஓர் ஆறு கிளை பிரிந்தாற்போல். குளிக்கும்போது நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்க ஆள் இல்லாத இடத்தில்கூட ஆத்தா இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்து வைத்திருக்கிறாளே என்று கண்ணில் தண்ணீர் வரும். “அழகு பாத்தது போதும், வெளிய வா” என்று மனைவி கதவைத் தட்டுவாள்.

போட்டிக்கு முந்தின வாரம், தோலுக்கடியில் நீர் தங்கக் கூடாதென்று மாஸ்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். உப்புத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அதுதான் பெரிய தண்டனை. பசியில் மச்சானிடம் எரிந்து விழுந்தேன். இதையெல்லாம் ஆத்தாளா கேட்டாள் என்று ஒரு நாள் எனக்கே சந்தேகம் வந்தது. மனைவியும் அந்த வாரம் முழுக்கத் தன் குழம்பில் உப்புப் போடவில்லை. கேட்டதற்கு, மறந்துபோச்சு என்றாள்.

போட்டி சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எதுவும் எடுக்கவில்லை என்று கையெழுத்து வாங்கினார்கள், மூத்திரமும் வாங்கிச் சோதித்தார்கள். கங்கையம்மனை நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். வெயில் என் மேல் வரைந்திருந்த பனியன் கோடு தெரியாமல் இருக்க உடம்பெல்லாம் சாயம் பூசினார்கள். நான் போட்டிருந்த ஜட்டியைப் பார்த்து மனைவி, “கோமணத்துல கூட இதைவிடத் துணி அதிகம்” என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஏழு பேர் நின்றோம். மற்றவர்கள் எல்லாம் இருபதுகளில் இருந்தவர்கள். திரும்பச் சொன்னபோது சபைக்கு முதுகைக் காட்டி, மாஸ்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி இரண்டு தோளையும் விரித்தேன். எனக்கு முன்னால் திரைச்சீலைதான். பின்னால் என்ன தெரிகிறதோ, அது என் கையில் இல்லை. ஆத்தா, நீ செய்தது, நீயே பார்த்துக்கொள் என்றேன்.

ஐந்தாவதாக வந்தேன். பரிசு முதல் மூன்று பேருக்குத்தான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது நரைத்த மீசை வைத்த நடுவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

“இன்னா தொழில் பண்றீங்க?”

“ஏரில படகு, சார். கழி ஊன்றது.”

“அதுல ஒரு பக்கத்து சதைதானே ஏறும்? நீங்க எந்தப் பக்கத்து ஆள்?” என்றார். பின்னால் வந்து இன்னொரு தடவை பார்த்தார். “முதுகைப் பாத்து என்னால சொல்ல முடியல.”

கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டுவிட்டுப் போனார். மாஸ்டர் என் தோளில் கையை வைத்தபடி நின்றார்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு நானும் மனைவியுமாகக் கோயிலுக்குப் போனோம். சாயம் முழுக்கப் போகவில்லை. அம்மனைக் கும்பிட்டு முடித்ததும் சன்னதியிலேயே திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றேன். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். வெளியே வருவதென்றால்கூடப் பின்னடியாகத்தான் வருவோம். பூசாரி எனக்குப் பெரியப்பா முறை. தட்டை வைத்துவிட்டு வந்தார்.

“ஆத்தாளுக்கு முதுகு காட்டுறியேடா. இது இன்னா புதுப் பழக்கம்?”

“காட்டத்தான் பெரியப்பா வந்தேன். தகடு கெடைக்கல.”

அவருக்கு என் நாற்பது நாள் தெரியும். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மணிச் சத்தம் கேட்டது, கற்பூர வாசனை வந்தது. பிறகு ஒரு விரல், குளிர்ந்த குங்குமத்தோடு, என் கை எட்டாத இடத்தில் வந்து அழுந்தியது. இரண்டு தோளுக்கும் இடையில் எங்கோ.

“நேரா இருக்குதா?” என்று மனைவியைக் கேட்டேன்.

அவள் கிட்டே வந்து, எலும்பின் மேல் மேலிருந்து கீழே ஒரு முறை விரலை ஓட்டிப் பார்த்தாள்.

“நடுவுலதான்யா இருக்குது” என்றாள்.