இடைவேளைக்கு அப்புறம் எனக்குப் படம் கிடையாது

இடைவேளையோடு எழுந்து வந்துவிடுவது என் வழக்கம். இருபது வருஷமாக எந்தப் படத்துக்கும் நான் பிற்பாதி பார்த்ததில்லை. தமிழ்ப் படம் இடைவேளையிலேயே முடிந்துவிடுகிறது என்பது என் கட்சி. அதற்கப்புறம் வருவதெல்லாம் ஃப்ளாஷ்பேக், அழுகை, விவசாயிக்கு ஒரு வணக்கம், கடைசியில் குடோனில் அடிதடி. இந்தக் கண்றாவிக்கு மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை போதகரின் பிரசங்கத்தை ஆமென் வரைக்கும் கேட்கிறவன் நான். எனக்குப் பொறுமை இல்லை என்று எவனும் சொல்ல முடியாது.

“தியேட்டர்ல பாத்தாதான் சார் ஃபீலே” என்பார்கள். மண்ணாங்கட்டி. நான் ரசித்த படங்களெல்லாம் தாம்பரம்-பீச் ரயிலில் பக்கத்து ஆளின் செல்போனில் சத்தமில்லாமல் எட்டிப் பார்த்தவை. வசனம் காதில் விழாவிட்டால் நடிகர்கள் எவ்வளவு புத்திசாலியாகத் தெரிகிறார்கள்! அந்த ஆள் குரோம்பேட்டையில் இறங்கினால் படமும் முடிந்தது. ஊரே அழுத ஒரு படத்தின் முதல் பாதியில் எனக்கு நினைவிருப்பது சுவரில் தொங்கிய காலண்டர் மட்டும்தான். அம்மா செத்த அன்றைக்கும் அதே தேதி, மகன் கலெக்டராகி வந்து நின்ற அன்றைக்கும் அதே தேதி. மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த பக்கத்து சீட்டு அக்காவிடம் அதைக் காட்டினேன். “நீங்கள்லாம் எதுக்கு சார் படத்துக்கு வர்றீங்க?” என்று எரிந்து விழுந்தாள்.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுக்கும் சாருக்குச் சினிமாப் பைத்தியம். திரையில் ஒரு தடவையாவது தன் முகம் வர வேண்டும் என்று வாலிப வயசிலிருந்து ஏங்கிய மனுஷன். உதவி இயக்குநராகிவிட்ட பழைய மாணவன் ஒருவன் அவருக்கு டாக்டர் வேஷம் வாங்கிக் கொடுத்தான். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றி, “எங்களால முடிஞ்சதப் பண்ணிட்டோம்” என்று சொல்ல வேண்டும். நான் அறவே வெறுக்கிற காட்சி. எந்த ஊர் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசுகிறார்?

இரண்டு மாதம் ஸ்டாஃப் ரூமில் அதே ஒத்திகை.

“சார், கண்ணாடிய டயலாக்குக்கு முன்னாடி கழட்டட்டுமா, பின்னாடியா?”

“கழட்டவே கழட்டாதீங்க சார்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டார்.

படம் வந்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்டாஃப் ரூம் முழுவதையும் தாம்பரத்தில் மதியக் காட்சிக்கு அழைத்துப் போனார். புதுச் சட்டை, பட்டுப்புடவையில் மனைவி. “செகண்ட் ஹாஃப்லதான் சார் என் சீன், பாத்துட்டுச் சொல்லுங்க” என்றார். தலையாட்டினேன். ஆட்டியது நிஜமாகத்தான். ஆனால் இடைவேளை மணி அடித்ததும் கால் பழக்கதோஷத்தில் வாசலுக்கு நடந்துவிட்டது. திரும்பியிருக்கலாம். அந்தக் கண்ணாடிக்காக இன்னும் ஒன்றேகால் மணி நேரமா என்று தோன்றியது, போகவில்லை.

எதிர் டீக்கடைக்காரர் என்னைக் கண்டதும், “இன்னா சார், பாதிலயே வந்துட்டே? படம் மொக்கையா?” என்றார்.

“எல்லாப் படமும் மொக்கைதான்” என்று சொல்லி இரண்டு டீ குடித்தேன். கூட்டம் வெளியே வரும் நேரம் பார்த்து உள்ளே நுழைந்து அதோடு கலந்துகொண்டேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் வாயைத் திறக்காமல் நின்றார்கள். படம் அவ்வளவு மட்டம் போல என்று நினைத்துக்கொண்டு, நேராகப் போய் அவர் கையைப் பிடித்தேன்.

“பிரமாதம் சார்! கண்ணாடியக் கழட்டினீங்க பாருங்க, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். யாரோ இருமினார்கள்.

“என் சீனத் தூக்கிட்டாங்க சார்” என்றார் அவர். கையை உருவிக்கொள்ளவில்லை. “நீங்க ஒருத்தராவது பாத்தீங்களே.”

நான் சொன்ன அளவுக்கு மட்டமான பொய்யை எந்தப் படத்திலும் நான் கேட்டதில்லை. எனக்கும் அவருக்கும் செம்பாக்கம் பஸ்தான். என் பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது. மனைவியை லேடீஸ் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, அவர் செம்பாக்கம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார்.