சட்டத்தோடு பொருளாதாரமும் படித்தேன்

அன்று சுங்கைப் பட்டாணியில், மளிகைக் கடை மாடியில் இருந்தவர்கள் நாலே பேர்: சட்டம் சொல்லிக் கொடுத்த யாழ்ப்பாணத்து இளைஞர், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர், கடை முதலாளி, நான். முதலாளிக்கு நான் அறுபது வெள்ளி கடன்காரன். ஆகவே கிராணியின் முதுகுக்குப் பின்னால் இடம் பிடித்திருந்தேன்.

இளைஞர் சீமைக் காலேஜில் சட்டம், சரித்திரம், பொருளாதாரம் எல்லாவற்றையும் ஒரே படிப்பாகப் படித்தவர். தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்று வந்தார். சப்பான்காரன் வந்து திரும்பும் வழியை அடைத்துவிட்டான். ஞாயிறு மத்தியானம் பாடம், சம்பளம் மரவள்ளிக்கிழங்கு. வாய்ப்பாட்டுக்குப் பயந்து நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எந்தெந்தக் குற்றத்துக்கு ஆளைப் பிடிப்பார்கள் என்று தெரிந்துவிட்டால் நிம்மதி வரும் என்றுதான் போனேன். பயப்படப் புதிதாகப் பத்துக் காரணம் கிடைத்தது.

அன்று என் மடியில் அறுபது வெள்ளி இருந்தது. இரண்டு கோழி விற்ற காசு, அத்தனையும் சப்பான்காரன் அடித்த, வாழைமரப் படம் போட்ட நோட்டு. கடன் வாங்கியதோ சண்டைக்கு முன், வெள்ளைக்காரன் காசில், மனைவியின் பிரசவத்துக்கு. இந்த நோட்டைக் கொடுத்தால் கடன் தீருமா, இல்லை நான் மோசக்காரன் ஆவேனா? யாரோ ஒருத்தனுக்காகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"சட்டப்படி தீர்ந்துது, அண்ணை. கடன் குடுத்தவர் வாங்க மாட்டன் எண்டு சொன்னால்தான் குற்றம். பொருளாதாரம் வேறை சொல்லும்."

அங்கேயே எழுந்து காசைக் கட்டியிருக்க வேண்டும். நானோ, அது என்ன சொல்லும் என்று கேட்டேன். அவர் முதலாளியிடம் அரிசி விலை விசாரித்தார். சண்டைக்கு முன் ஒரு வெள்ளிக்குக் கிடைத்த அரிசி, இப்போது அறுபது வெள்ளியாம். பிறகு சரித்திரம்: நாம் இருக்கும் கெடாவைச் சப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்தாயிற்று, நாளைக்கு ஆளப்போவது யாரோ, ராஜா போனால் அவன் நோட்டும் கூடவே போய்விடும் என்றார்.

கிராணி திரும்பாமலே சொன்னார்: "அந்த ஒருத்தன் ரொம்ப நேரமா என் முதுகுல மூச்சு விடுறான் லா."

முதலாளி கோபப்படவில்லை. "கொண்டாந்தா வாங்கிக்குவேன், தம்பி. மாட்டேன்னு சொல்லி சப்பான்காரன்கிட்ட அடி வாங்க எனக்கு ஒடம்புல தெம்பு இல்ல."

திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். நோட்டுகளை அவர் முன் வைத்தேன். வாய் தானாகத் திறந்தது: "அரிசி விலைக் கணக்குல வரவு வைங்க, முதலாளி."

இரண்டு தடவை எண்ணிவிட்டு, வரவு ஒரு வெள்ளி என்று எழுதினார். மூன்று பாடத்தையும் நான்தான் சரியாகச் சேர்த்துப் புரிந்துகொண்டேன் என்றார் இளைஞர். வாத்தியார் ஒருவர் என்னைப் பாராட்டியது அது ஒரு தடவைதான். சட்டத்தை மட்டும் படித்திருந்தால் அன்றே கடன் தீர்ந்திருக்கும்.

சண்டை முடிந்ததும் முதலாளி கடையை மூடிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறிவிட்டார். விலாசம் கேட்டு வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாக்கி ஐம்பத்தொன்பது வெள்ளி.