மலை டப்பாவும் மெடிக்கல் ட்யூபும்

கள்ளக்குறிச்சி ரைஸ்மில்லில் நெல் எடுக்கும்போது மூட்டையின் வாயைப் பார்த்து நான் சரி சொன்னதில்லை. நடுவில் குத்தூசியை விட்டு உள்நெல்லை இழுத்துப் பார்ப்பேன். அந்தப் புத்தி வீட்டிலும் போகாது. பால்காரர் முதல் பெற்ற மகள் வரை எல்லோர்மீதும் சந்தேகம்தான்.

மகளின் கன்னம் சிவந்து, வெயில் பட்டாலே எரிகிறதென்று அவள் ஷாலால் முகத்தை மூடிக்கொண்டு காலேஜ் போக ஆரம்பித்ததும், என் கண் அவளுடைய பச்சை டப்பாமேல் போனது. வெள்ளிமலையில் தேன் விற்கிற அம்மாவிடம் வாங்கிய முகப்பூச்சு. மலையிலிருந்து வந்தது என்று சொல்லி எதை வேண்டுமானாலும் தலையில் கட்டிவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பையைத் துழாவினேன். டப்பாவோடு ஒரு ட்யூபும் இருந்தது. எழுத்து பொடி என்பதால் இரண்டையும் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். டப்பாவில் நாலே சாமான்: தேன்மெழுகு, தேங்காயெண்ணெய், மஞ்சள், கற்றாழை. மீதியை மறைத்துவிட்டார்கள், திருட்டுப் பசங்கள். ட்யூபில் வாயில் நுழையாத பெயர்கள், ஓரத்தில் டாக்டர் சீட்டு வேண்டும் என்கிற சிவப்புக் கோடு. ஆனால் அது என் இடுப்புப் படர்தாமரைக்கு மெடிக்கலில் சீட்டில்லாமல் நான் வாங்குகிற ட்யூப். அதை எதற்குச் சந்தேகப்படுவது?

மறுநாள் அந்தப் பையோடு மகளைத் தோல் டாக்டரிடம் இழுத்துப் போனேன். டாக்டரம்மா டப்பாவைப் பார்த்து ஓரமாக வைத்துவிட்டார். ட்யூபைக் கையில் எடுத்தார்.

"இத எத்தினி மாசமா மூஞ்சிக்குப் போடற?"

"ஆறு மாசமா."

"இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. மொதல்ல வெளுப்பா காட்டும், அப்புறம் தோலயே மெலிசாக்கிடும்."

"பழையபடி ஆயிடுங்களா?" என்றேன்.

"ஆகலாம். நாளாகும்."

பஸ் ஸ்டாண்டு வரை பொறுத்துக்கொண்டேன். "மூஞ்சிக்குப் போடச் சொல்லி யாருடி சொன்னது? எவளாவது பார்லர்காரியா?"

"யாரும் சொல்லல. நீ பூசின எடம் வெள்ளையானதப் பாத்தேன்."

"பாத்தா? ஒனக்கு இன்னா கொறச்சல்?"

அவள் ஷாலை விலக்காமலே சொன்னாள்: "பொண்ணு பாத்துட்டுப் போனாங்களே, அன்னிக்கி போன்ல பெரியம்மாகிட்ட சொல்லிக்கினு இருந்த. இவ கொஞ்சம் நெறமா பொறந்திருந்தா முடிஞ்சிருக்கும்னு. நான் பின்னாடிதான் நின்னுகினு இருந்தேன்."

அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.